உணர்ந்து அறிய முடியாத இரத்த அழுத்தம்

"எனக்குத் தலை சுற்றவில்லை, தலைவலி இல்லை, இரவில் நன்றாகத்தான் தூங்குகிறேன். பிறகு எப்படி எனக்கு பிரஷர் இருக்கும்?" இரத்த அழுத்தம் கூடுதலாக இருப்பதாக முதன்முறை கேள்விப்படும் பெரும்பாலோர் இப்படித்தான் கேட்கிறார்கள். என் அம்மாவும் கேட்டார். கேள்வியில் தவறில்லை. காய்ச்சல் வந்தால் உடம்பு சுடுகிறது, பல் சொத்தையானால் வலிக்கிறது. நோய் என்றால் அது தன்னை எப்படியாவது தெரிவித்துவிடும் என்றே நாம் பழகியிருக்கிறோம். உயர் இரத்த அழுத்தம் இந்தப் பழக்கத்துக்கு அடங்காத நோய். பத்துப் பதினைந்து ஆண்டுகள் இரத்தக் குழாய்களையும் இதயத்தையும் சிறுநீரகத்தையும் விழித்திரையையும் அரித்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒரு நாள் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வெளிப்படும் வரை அது ஒன்றுமே சொல்லாமல் இருக்கக்கூடும்.

அம்மாவின் அளவுகளைப் பல ஆண்டுகளாக ஒரு நோட்டில் குறித்து வருபவன் நான். பிறகு எனக்கும் அதே நோய் வந்தது. இந்த அனுபவத்தாலும் அதையொட்டி வாசித்தவற்றாலும் எனக்கு உறுதிப்பட்ட ஒன்றையே இங்கே விரிவாக எழுத விரும்புகிறேன். இந்த நோயில் நம் உணர்வு ஒரு கருவியே அல்ல. மாத்திரை வேண்டுமா, வேண்டாமா, போதுமா, கூட்ட வேண்டுமா என்ற எந்த முடிவையும் "இன்றைக்கு உடம்பு எப்படி இருக்கிறது" என்பதை வைத்து எடுக்க முடியாது. முறையாக எடுத்த அளவுகள், அவையும் ஒன்றல்ல, பல நாள் அளவுகளின் சராசரி, அது ஒன்றே வழிகாட்டும். உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 30 முதல் 79 வயது வரையுள்ளவர்களில் சுமார் 130 கோடிப் பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருக்கிறது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர்கள் ஐந்தில் ஒருவர்தான். மருந்து இல்லாத நோயல்ல இது. அப்படியிருந்தும் இந்த நிலை நீடிப்பதற்கு, உணர்வை நம்பும் நம் பழக்கமும் ஒரு பெரிய காரணம் என்றே நினைக்கிறேன்.

இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு இலட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் இரத்தம் தமனிகளின் சுவரை அழுத்தும் உச்ச அளவே நாம் மேல் அளவு என்று சொல்வது. இரண்டு துடிப்புகளுக்கு இடையே இதயம் தளர்ந்திருக்கும்போது மிஞ்சியிருக்கும் அழுத்தம் கீழ் அளவு. 120/80 என்றால், முதலாவது 120 மில்லிமீட்டர் உயரப் பாதரசத்தைத் தாங்கும் அழுத்தம் என்று பொருள். பாதரசத்துக்குப் பதில் தண்ணீரை வைத்தால் அது ஒன்றரை மீட்டருக்கும் மேல் எழும். இந்த அழுத்தம் இல்லாவிட்டால் நின்றுகொண்டிருக்கும் மனிதனின் மூளைக்கு இரத்தம் ஏறாது. ஆகவே அழுத்தம் கெட்டதல்ல. தேவைக்கு மேல், ஓய்வின்போதும், நாள்தோறும் அது நீடிப்பதுதான் கெடுதல்.

இந்த அளவை நீண்ட காலப்போக்கில் நிர்ணயிப்பதில் சிறுநீரகத்துக்கு உள்ள பங்கு பலருக்குத் தெரிவதில்லை. அழுத்தம் கூடினால் ஆரோக்கியமான சிறுநீரகம் கூடுதல் உப்பையும் நீரையும் வெளியேற்றி அதைத் தணிக்கும். குறைந்தால் ரெனின் என்ற நொதியைச் சுரந்து, அதன் தொடர்விளைவாகக் குழாய்களைச் சுருக்கி, உப்பைத் தேக்கி, அழுத்தத்தை ஏற்றும். இந்த ஏற்பாடு உயர்ந்த ஓர் அளவிலேயே நிலைகொண்டுவிடும்போது, உடல் அந்த உயர்ந்த அளவையே இயல்பாக எண்ணிக் காக்கத் தொடங்குகிறது. மரபு, வயது, உப்பு, எடை, மது, உடலுழைப்பின்மை ஆகியவை சேர்ந்தே இதைச் செய்கின்றன. பெரும்பாலோருக்குத் தனியொரு காரணத்தைச் சுட்டிக்காட்ட முடியாது. "கோபக்காரர்களுக்குத்தான் பிரஷர் வரும்" என்ற பேச்சு எவ்வளவு பரவியிருந்தாலும் அது உண்மையல்ல. கோபத்தில் அழுத்தம் சற்று நேரம் ஏறி இறங்குவது வேறு, நோய் வேறு. அமைதியே உருவான பலருக்கும் இந்த நோய் இருக்கிறது. தங்கள் சாந்த குணத்தை நம்பியே அவர்கள் பரிசோதித்துக்கொள்ளாமல் இருக்கிறார்கள்.

உணர்வை நம்பி ஏமாந்தவர்கள் நோயாளிகள் மட்டுமல்லர். மருத்துவமும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் ஒரு குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, இரத்தம் எட்டு அடிக்கு மேல் எழுவதைக் கண்டு, 1733இல் அதை நூலாக வெளியிட்டார். மனிதனின் கையை அறுக்காமல் அளக்கும் பட்டையை இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி 1896இல் அறிமுகப்படுத்தினார். அந்தப் பட்டையின் கீழ்ப்புறம் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்கும் ஒலிகளைக் கொண்டு மேல், கீழ் என இரண்டு அளவுகளையும் அறியலாம் என்று 1905இல் ரஷ்ய அறுவை மருத்துவர் நிக்கோலாய் கொரோட்கோவ் காட்டினார். ஆக, அளக்கும் வழி கிடைத்துவிட்டது. ஆனால் அளந்தபின் என்ன செய்வது என்பதில் மருத்துவம் அரை நூற்றாண்டுக்கும் மேல் தடுமாறியது. வயது ஏற ஏறச் சுருங்கிய குழாய்களின் வழியே இரத்தத்தைச் செலுத்த உடலுக்கு உயர்ந்த அழுத்தம் தேவைப்படுகிறது, அதில் கைவைக்கக் கூடாது என்றே பல மருத்துவ மேதைகள் நம்பினார்கள். உயர் அழுத்தம் உள்ளவருக்குப் பெரிய ஆபத்தே அது கண்டுபிடிக்கப்படுவதுதான், ஏனெனில் பிறகு யாராவது ஒரு முட்டாள் அதைக் குறைக்க முயல்வார் என்ற கருத்தை, 1931இல் ஜான் ஹே என்ற பிரிட்டிஷ் பேராசிரியர் வெளிப்படையாகவே சொன்னார்.

அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் கதை அந்தக் காலத்தின் கையறு நிலையைக் காட்டும். 1944 மார்ச்சில் இதய மருத்துவர் ஹோவர்ட் புருயென் அவரைப் பரிசோதித்தபோது இரத்த அழுத்தம் 186/108 ஆக இருந்தது. இதயமும் வீங்கித் தளர்ந்திருந்தது. உப்பைக் குறையுங்கள், ஓய்வெடுங்கள் என்பதற்கு மேல் அழுத்தத்தைக் குறைக்க அன்றைய மருத்துவத்திடம் பெரிதாக எதுவும் இல்லை. 1945 ஏப்ரல் 12 அன்று தலையின் பின்புறம் தாங்க முடியாமல் வலிப்பதாகச் சொல்லிவிட்டு அவர் நினைவிழந்தார். அப்போதைய அளவு 300/190. சில மணி நேரத்தில், மூளையில் ஏற்பட்ட இரத்தக் கசிவால் இறந்தார். உலகப் போர் ஒன்றை நடத்திக்கொண்டிருந்த, எந்நேரமும் மருத்துவர்கள் சூழ இருந்த மனிதர் அவர்.

குறைத்தால் உயிர் பிழைக்கிறதா என்ற கேள்விக்கு முதல் திட்டவட்டமான விடை 1967இல்தான் கிடைத்தது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் எட்வர்டு ஃபிரெய்ஸ் தலைமையில் நடந்த அந்த ஆய்வில், கீழ் அளவு 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்கள் பங்கேற்றனர். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு உண்மையான மருந்து, மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. வெறும் மாத்திரை பெற்றவர்களில் 27 கடுமையான பாதிப்புகள் நேர்ந்தன, நால்வர் இறந்தனர். மருந்து பெற்றவர்களில் கடுமையான பாதிப்புகள் இரண்டுதான், இறப்பு ஒன்றுகூட இல்லை. இந்த எண்களை முதன்முறை வாசித்தபோது நான் வெகுநேரம் அதே பக்கத்திலேயே இருந்தேன். ஆய்வுக்குள் வரும்போது அந்த இரண்டு குழுவினருக்கும் இடையே உணர்வில் எந்த வேறுபாடும் இருந்திருக்காது.

இப்போது எந்த அளவு கூடுதல்? மருத்துவமனையில் எடுத்த அளவு பல முறை 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் உயர் இரத்த அழுத்தம் என்பது உலகின் பல பகுதிகளில் பின்பற்றப்படும் வரையறை. அமெரிக்க இதய அமைப்புகள் 2017இல் அந்த எல்லையை 130/80 ஆகக் குறைத்தன. வீட்டில் எடுக்கும் அளவுக்கு ஐரோப்பிய வழிகாட்டிகள் 135/85ஐ எல்லையாகக் கொள்கின்றன. இந்த வேறுபாட்டைப் பார்த்து, "இவர்களுக்கே உறுதியில்லை" என்று ஒதுக்குவது சரியல்ல. இயற்கையில் அப்படியொரு கோடு இல்லை என்பதே இதன் பொருள். சுமார் பத்து இலட்சம் பேரின் தகவல்களைத் திரட்டி 2002இல் வெளியான தொகுப்பாய்வு, 40 முதல் 69 வயது வரையுள்ளவர்களில், மேல் அளவு 115ஐத் தாண்டி 20 புள்ளி கூடும் ஒவ்வொரு முறையும் பக்கவாதத்தாலும் மாரடைப்பாலும் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாவதைக் காட்டியது. 139 பாதுகாப்பு, 141 ஆபத்து என்று எதுவும் இல்லை. எங்கிருந்து மருந்து தொடங்கலாம் என்று முடிவெடுக்க மனிதர்கள் வரைந்த கோடு அது. சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, ஏற்கெனவே வந்த மாரடைப்பு போன்றவை உள்ளவர்களுக்கு அந்தக் கோடு இன்னும் கீழே வருவதும் இதனால்தான்.

"வயதோடு நூறைக் கூட்டிக்கொள், அதுவரை இயல்பு" என்ற கணக்கைப் பெரியவர்கள் இன்னும் சொல்லக் கேட்கிறேன். அந்தக் கணக்குப்படி எழுபது வயதுக்காரருக்கு 170 இயல்பாகிவிடும். வயதாக ஆகத் தமனிகள் விறைத்து மேல் அளவு ஏறுவதும் கீழ் அளவு இறங்குவதும் உண்மை. பலருக்கு நேர்வதால் அது தீங்கற்றதாகிவிடாது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் மேல் அளவு மட்டும் கூடியிருந்த 4,736 பேரை வைத்து நடந்து 1991இல் வெளியான ஓர் ஆய்வில், மருந்து பக்கவாதத்தை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைத்தது.

இனி அளக்கும் முறைக்கு வருகிறேன். என் அக்கறையெல்லாம் இங்கேதான் அதிகம், ஏனெனில் தவறாக எடுத்த அளவு உணர்வைவிட மோசமான வழிகாட்டி. பல இடங்களில் நடப்பது என்ன? மாடிப்படி ஏறி வந்தவரை உட்காரவைத்து, உடனே சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றி, கை மடியில் கிடக்க, பெயரும் வயதும் கேட்டுக்கொண்டே பொத்தானை அழுத்துகிறார்கள். இதில் ஒவ்வொன்றும் எண்ணை மாற்றும். பட்டை இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். பத்து சென்டிமீட்டர் கீழே இறங்கினால், இடையிலுள்ள இரத்தத்தின் எடையாலேயே ஏழெட்டுப் புள்ளிகள் கூடிவிடும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதங்கள் தரையில் பதிந்திருக்க வேண்டும், கால்மேல் கால் கூடாது. சிறுநீர்ப்பை நிறைந்திருக்கக் கூடாது. காப்பி, புகை, உடற்பயிற்சி ஆகியவற்றுக்குப்பின் அரை மணி நேரமாவது போக வேண்டும். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்தபின் அளந்து, ஒரு நிமிடம் விட்டு மறுபடி அளக்க வேண்டும்.

பட்டையின் அளவு இன்னொரு பெரிய விஷயம். பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் பத்து, இருபது புள்ளிகள்கூடப் போலியாக ஏறிக் காட்டும். மெலிந்த கைக்குப் பெரிய பட்டை குறைத்துக் காட்டும். கருவியை வாங்கும்போது மேற்கையின் சுற்றளவை நாடாவால் அளந்து, பட்டையில் அச்சிட்டிருக்கும் எல்லைக்குள் அது வருகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். மணிக்கட்டில் கட்டும் கருவிகளைவிட மேற்கையில் கட்டுபவை நம்பகமானவை. முதன்முறை இரண்டு கைகளிலும் அளந்து, எதில் கூடுதலாக வருகிறதோ அந்தக் கையையே தொடர்ந்து பயன்படுத்துவது நல்லது. இரண்டுக்கும் இடையே பத்துப் புள்ளிக்கு மேல் வித்தியாசம் நிலையாக இருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்குப் பட்டை இறுகத் தொடங்கியதும் ஏதாவது பேச வேண்டும். அதுவரை அமைதியாக இருப்பவர், காற்று ஏறும் சத்தம் கேட்டதும், மறந்துபோன ஒரு வேலையை நினைவுக்குக் கொண்டுவந்து சொல்லத் தொடங்குவார். "அம்மா, இது முடியட்டும், அப்புறம் பேசலாம்" என்பேன். "ஒரு வார்த்தை பேசினால் என்னடா ஆகிவிடும்?" என்று கேட்டார் ஒரு நாள். சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டுவது எளிது என்று, பேசும்போது ஒரு முறையும் பேசாமல் ஒரு முறையும் அளந்து, இரண்டு எண்களையும் அவரிடமே காட்டினேன். 152 ஒன்றில், 139 மற்றொன்றில். அன்றிலிருந்து பட்டையைச் சுற்றும்போதே அவர் கண்களை மூடிக்கொள்கிறார்.

வீட்டில் அளப்பதை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிலருக்கு மருத்துவரைப் பார்த்ததுமே அழுத்தம் ஏறிவிடுகிறது. வீட்டில் இயல்பாகவே இருக்கிறது. இவர்களுக்கு அவசரப்பட்டு மாத்திரை தொடங்கினால் தலைசுற்றலில் போய் முடியலாம். வேறு சிலருக்கு நேர்மாறு: மருத்துவமனையில் இயல்பு, வீட்டிலும் வேலையிடத்திலும் கூடுதல். இந்த இரண்டாம் வகையினர்தான் அதிக ஆபத்தில் இருப்பவர்கள், ஏனெனில் பரிசோதனை முடிந்து "எல்லாம் சரி" என்று கேட்டுக்கொண்டு நிம்மதியாகப் போய்விடுகிறார்கள். காலையில் மாத்திரை போடுவதற்கு முன்னும் மாலையிலும், ஒவ்வொரு வேளையும் இரண்டு முறை என ஒரு வாரம் அளந்து, முதல் நாளை விட்டுவிட்டு மீதியின் சராசரியைப் பார்த்தால் உண்மை நிலை தெரியும். மருத்துவரைப் பார்க்கப் போகும் முன் இப்படி ஒரு வாரம் அளப்பது, தினமும் பத்து முறை பயந்து பயந்து அளப்பதைவிட எவ்வளவோ மேல். பயமே அளவை ஏற்றும். ஏறிய அளவு பயத்தை ஏற்றும்.

மருந்தில்லாமல் செய்யக்கூடியவற்றில் உப்புக்கே முதலிடம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலகில் வயதுவந்தோர் சராசரியாக உண்பது அதைப் போல இரு மடங்கு. 1988இல் வெளியான, 32 நாடுகளில் நடந்த ஓர் ஆய்வில், அமேசான் காட்டில் ஏறத்தாழ உப்பே இல்லாமல் வாழும் யானோமாமி மக்களும் இடம்பெற்றிருந்தார்கள். அவர்களின் சராசரி மேல் அளவு நூறுக்கும் கீழே. வயது ஏறினாலும் அது ஏறவில்லை. வயதானால் அழுத்தம் ஏறியே தீரும் என்பது இயற்கை விதியல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை, அவர்களின் வாழ்க்கையில் வேறு பல வேறுபாடுகளும் உண்டு என்பதை ஒப்புக்கொண்டாலும்கூட.

சமைக்கும்போது உப்பைக் குறைத்துவிட்டோம் என்று நிம்மதி அடைபவர்கள், கடையில் வாங்கும் பொட்டலங்களின் பின்புறத்தையும் வாசிக்க வேண்டும். அங்கே சோடியம் என்று மில்லிகிராமில் போட்டிருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் ஒரு கிராம் உப்பு. நாக்குக்கு உப்பே தெரியாத ரொட்டியிலும் பிஸ்கட்டிலும்கூட அது கணிசமாக இருக்கும். உப்பைப் படிப்படியாகக் குறைத்தால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். பழைய சுவைக்குத் திரும்பினால் அது கரிக்கும் என்பதை என் நாக்கே எனக்குச் சொன்னது.

சோடியத்தைக் குறைப்பதோடு பொட்டாசியத்தைக் கூட்டுவதும் முக்கியம். காய்கறி, பழம், முழுத்தானியம், கொழுப்பு குறைந்த பால் பொருள்கள் மிகுந்த உணவுமுறையை 459 பேரிடம் சோதித்து 1997இல் வெளியான ஆய்வில், உயர் அழுத்தம் இருந்தவர்களின் மேல் அளவு சராசரியாக 11 புள்ளி இறங்கியது. உப்பையும் எடையையும் மாற்றாமலேயே இது நடந்தது. சீனாவில் 600 கிராமங்களில், உப்பில் கால் பங்கைப் பொட்டாசியம் குளோரைடாக மாற்றிக் கொடுத்து நடத்திய ஆய்வு 2021இல் வெளியானது. பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்திருந்தது. ஆனால் சிறுநீரகம் பழுதடைந்தவர்களும், உடலில் பொட்டாசியத்தைத் தேக்கும் மாத்திரைகளை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இந்த மாற்று உப்பைத் தொடவே கூடாது. இரத்தத்தில் பொட்டாசியம் எல்லை மீறினால் இதயத் துடிப்பே குலைந்துவிடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஒரு கிலோ எடை குறைந்தால் மேல் அளவு ஏறத்தாழ ஒரு புள்ளி குறைகிறது. வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடப்பது பலன் தரும். மது குறைந்தால் அழுத்தமும் குறையும். புகை அழுத்தத்தை நிரந்தரமாக ஏற்றுகிறதோ இல்லையோ, அதே குழாய்களை வேறு வழியில் சேதப்படுத்துகிறது என்பதால் அதை விடுவதில் பேரமே இல்லை. உரத்த குறட்டையும், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதும், பகலில் தூங்கி வழிவதும் சேர்ந்திருந்தால் அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். தூக்க மூச்சுத்திணறல், மாத்திரைக்கு மசியாத அழுத்தத்துக்கு அடிக்கடி காரணமாகிறது. மூன்று வகை மாத்திரைகளாலும் அடங்காதவர்களுக்கும், இளம் வயதிலேயே வந்தவர்களுக்கும் அட்ரீனல் சுரப்பி, சிறுநீரகத் தமனி, தைராய்டு ஆகியவற்றையும் மருத்துவர்கள் ஆராய்வார்கள்.

வேறொரு நோய்க்காக எடுக்கும் மருந்தும் அழுத்தத்தை ஏற்றலாம் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். மூட்டுவலிக்காக நாள்தோறும் போடும் ஐபுபுரோஃபன், டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகள், மூக்கடைப்புக்கான சில மருந்துகள், ஸ்டீராய்டுகள், சில கருத்தடை மாத்திரைகள், இவற்றோடு தொடர்ந்து உண்ணும் அதிமதுரம். மருத்துவர் கேட்காவிட்டாலும் நாமாகச் சொல்ல வேண்டிய பட்டியல் இது.

மாத்திரைகளைப் பற்றிய அச்சத்தை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். நலமாக உணரும் ஒருவரிடம், பக்கவிளைவு வரக்கூடிய ஒரு பொருளை நாள்தோறும் விழுங்கச் சொல்கிறோம்; தயக்கம் வரத்தான் செய்யும். அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலை வீங்கவைக்கும். எனலாப்ரில், ராமிப்ரில் வகை சிலருக்கு நாள் முழுதும் விடாத வறட்டு இருமலைத் தரும். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகள் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் குறைத்துவிடலாம் என்பதால் இரத்தப் பரிசோதனை தேவை. எனக்கு இருமல்தான் வந்தது. இருமல் மருந்து எதற்கும் அது அடங்கவில்லை. மருத்துவரிடம் சொன்னபோது, "இது மாத்திரையின் வேலை, மாற்றிவிடலாம்" என்று சொல்லி டெல்மிசார்ட்டன் எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் இருமல் போய்விட்டது, அழுத்தம் கட்டுக்குள்ளேயே இருந்தது. பக்கவிளைவு வந்தால் மாத்திரையை மாற்றுவதற்கு வழி இருக்கிறது. சொல்லாமல் நிறுத்திவிடுகிறவருக்குத்தான் வழி இல்லாமல் போகிறது. இருமலைத் தரும் அதே வகையின் முதல் மாத்திரையான காப்டோபிரில், பிரேசில் நாட்டு விரியன் பாம்பொன்றின் நஞ்சிலிருந்து கிடைத்த தடயத்தைக் கொண்டு உருவாக்கப்பட்டு 1981இல் பயன்பாட்டுக்கு வந்தது. ரூஸ்வெல்ட்டின் மருத்துவர்களிடம் இல்லாத ஆயுதங்களில் ஒன்று அது.

ஒரே மருந்தின் அளவை ஏற்றிக்கொண்டே போவதைவிட, வெவ்வேறு வழியில் வேலை செய்யும் இரண்டு மருந்துகளைக் குறைந்த அளவில் சேர்ப்பது அழுத்தத்தைக் கூடுதலாகக் குறைக்கிறது, பக்கவிளைவும் குறைவு. ஆகவே, முதல் சீட்டிலேயே இரண்டு மருந்து இருப்பதைக் கண்டு நோய் முற்றிவிட்டதாக அஞ்ச வேண்டாம். மாத்திரையின் முழுப் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகலாம். காலையா இரவா என்ற கேள்வியை பிரிட்டனில் 21,000 பேருக்கு மேல் பங்கேற்ற, 2022இல் வெளியான ஓர் ஆய்வு தீர்த்துவைத்தது: இரண்டுக்கும் வித்தியாசமில்லை, மறக்காமல் போட முடிகிற நேரமே நல்ல நேரம். கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் மட்டும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மேலே சொன்ன ராமிப்ரில், டெல்மிசார்ட்டன் வகைகள் கருவுக்குத் தீங்கானவை, அவற்றுக்குப் பதிலாகப் பாதுகாப்பான மாத்திரைகள் உண்டு.

திடீரென்று ஓர் இரவில் கருவி 180/120க்கு மேல் காட்டினால்? உட்கார்ந்து, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், முகம் கோணுதல், கை கால் ஒரு பக்கம் தளர்தல், பேச்சுக் குளறல், பார்வை மங்குதல், குழப்பம், தாங்க முடியாத தலைவலி இவற்றில் ஒன்று இருந்தாலும் அது அவசரநிலை. ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் அண்மையில் பிரசவித்தவர்களுக்கும் 160/110 வந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மற்றவர்களுக்கு, அறிகுறி எதுவுமில்லாமல் எண் மட்டும் கூடியிருந்தால், தாமதிக்காமல் மருத்துவரைத் தொடர்புகொண்டு அவர் சொல்வதன்படி மருந்தைச் சீர்செய்தால் போதும். அதை விட்டுவிட்டு, யாரோ சொன்னார்கள் என்று நாக்கின் அடியில் நிஃபெடிபின் மருந்தை வைத்து அழுத்தத்தை ஒரேயடியாகக் கீழே இறக்குவது ஆபத்து. மூளைக்கும் இதயத்துக்கும் போகும் இரத்தம் சட்டென்று குறைந்து, எதைத் தடுக்க நினைத்தோமோ அந்தப் பக்கவாதமே வந்துவிடக்கூடும்.

இறக்குவதிலும் எல்லை உண்டு என்பது முதியவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் மறக்கக் கூடாத ஒன்று. மேல் அளவை 120க்குக் கீழே கொண்டுவர முயன்ற, 9,361 பேர் பங்கேற்ற அமெரிக்க ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. 140ஐ இலக்காகக் கொண்டவர்களைவிட இவர்களில் இதயநோய்களும் இறப்பும் குறைந்தன என்று அது தெளிவாகக் காட்டியது; கூடவே, தாழ் அழுத்தமும் மயக்கமும் சிறுநீரகப் பாதிப்பும் இவர்களில் சற்றுக் கூடின என்பதையும் மறைக்கவில்லை. ஆகவே அம்மாவுக்கு உட்கார்ந்து அளந்தபின், எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் மறுபடி அளக்கிறோம். நின்றதும் மேல் அளவு இருபதுக்கு மேல் சரிந்தால், விழுந்து இடுப்பெலும்பு முறியும் அபாயம் இருக்கிறது. மருந்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

"அப்படியானால் வாழ்நாள் முழுவதும் மாத்திரையா, டாக்டர்?" என்று அம்மா கேட்டபோது மருத்துவர் நேர்மையாகவே பதில் சொன்னார். "பெரும்பாலும் ஆமாம், அம்மா. மாத்திரை நோயைத் துடைத்து எடுப்பதில்லை. போடும் வரை அடக்கி வைக்கிறது. எடை குறைந்து, உப்பு குறைந்து, வீட்டு அளவுகள் மாதக்கணக்கில் நன்றாக இருந்தால் குறைத்துப் பார்க்கலாம். ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள்." சில வகை மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் அழுத்தம் முன்பைவிட மேலே எகிறிவிடும் என்பதையும் அவர் விளக்கினார். பிறகு அம்மா எடையைக் குறைத்தார், நடையைக் கூட்டினார், நோட்டில் எண்கள் படிப்படியாக இறங்கின. இரண்டு மாத்திரைகளில் ஒன்றின் அளவைப் பாதியாக்கினார்கள். குறைத்த பின்னும் பல மாதங்கள் அளந்துகொண்டே இருக்கச் சொன்னார் மருத்துவர், ஏனெனில் அழுத்தம் மறுபடி ஏறுவதாக இருந்தால் அது மெதுவாகவே ஏறும், ஏறும்போதும் அம்மாவுக்கு அது தெரியப்போவதில்லை.